ரிமோட் கடலோடு போய்விட்டது, கார் அலாரம் அடங்க மாட்டேன் என்கிறது. உடனே உதவி தேவை

பாளையங்கோட்டைப் பெண்

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்செந்தூர் கோயிலுக்கு வந்திருக்கிறோம். கடலில் குளிக்கும்போது அப்பா வேட்டி மடிப்பில் முடிந்து வைத்திருந்த சாவிக்கொத்து அலையோடு போய்விட்டது. கார் சாவி, ரிமோட் இரண்டும் அதில்தான் இருந்தன. வண்டி 2009 மாடல் மாருதி ஆல்டோ. வீட்டில் இருந்த மாற்றுச் சாவியைத் தம்பி பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அதில் ரிமோட் கிடையாது. இரண்டாவது ரிமோட் பழுதாகிப் பல வருடம் ஆகிறது.

சாவி போட்டுக் கதவைத் திறந்ததுமே அலாரம் கத்த ஆரம்பித்துவிடுகிறது. ஆம்புலன்ஸ் மாதிரி, போலீஸ் வண்டி மாதிரி என்று ஆறு விதமாக மாறி மாறிக் கத்துகிறது. நான்கு பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுகிறது. இக்னிஷனைத் திருப்பினால் டேஷ்போர்டில் விளக்கெல்லாம் எரிகிறது, ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு ஒதுங்கி நின்றால் அரை நிமிடத்தில் அடங்குகிறது. மறுபடி தொட்டால் மறுபடி ஆரம்பம்.

அலாரம் கம்பெனியிலிருந்து வந்தது இல்லை. வண்டி வாங்கிய புதிதில் சென்ட்ரல் லாக்கோடு சேர்த்து வெளியில் ஒரு கடையில் போட்டது. அந்தக் கடை இப்போது இல்லை, அவர்கள் கொடுத்த புத்தகமும் இல்லை. பார்க்கிங்கில் நிழல் இல்லை. அம்மாவுக்கு வெயில் ஆகாது. யாராவது வழி சொல்லுங்கள்.

நெடுந்தூரம்

பேனட்டைத் திறங்க சகோதரி. உள்ளே கறுப்பாக ஒரு ஒலிபெருக்கி மாதிரி சைரன் இருக்கும், அதற்கு இரண்டு ஒயர் போகும். கட்டிங் பிளேயர் வைத்து நறுக்கென்று வெட்டிவிட்டால் கதை முடிந்தது. முடியாவிட்டால் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுங்கள். நான் லாரி, வேன், கார் எல்லாம் ஓட்டியவன், ரோட்டில் இப்படித்தான் சமாளித்திருக்கிறோம்.

ஒயரிங் அண்ணாச்சி (விருதுநகர்)

தங்கச்சி, எதையும் வெட்ட வேண்டாம். பேட்டரியிலும் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் வண்டியைக் கிளப்பும் வழியைப் பார்ப்போம்.

வெளியில் போட்ட அலாரம் அநேகமாக எல்லாவற்றிலும் ரிமோட் தொலைந்தால் உதவ என்று ஒரு சின்ன பட்டன் வைத்திருப்பார்கள். வாலே சுவிட்ச் என்பது அதன் பெயர். கடைக்காரர்கள் பலர் ‘எமர்ஜென்சி சுவிட்ச்’ என்பார்கள். சட்டைப் பட்டன் அளவுதான் இருக்கும், அதிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர் போகும். அது எங்கே இருக்கிறது என்று பொருத்தியவர் காட்டியிருக்க வேண்டும். காட்டாமல் விடுவதுதான் நம் ஊரில் நடக்கிறது.

டேஷ்போர்டில் அலாரத்துக்கென்று ஒரு சிவப்பு எல்இடி மின்னிக்கொண்டிருக்கிறதா? எங்கே என்று சொல்லுங்கள்.

பாளையங்கோட்டைப் பெண்

ஆமாம் அண்ணாச்சி, ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் ஓரமாக ஒரு சிவப்பு விளக்கு மின்னுகிறது. பட்டன் எதுவும் கண்ணில் படவில்லை.

ஒயரிங் அண்ணாச்சி

கண்ணில் படாது. திருடன் பார்க்கக் கூடாது என்றுதான் ஒளித்து வைப்பது. கையால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

எல்இடிக்குப் போகும் ஒயர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். எல்இடியும் பட்டனும் ஒரே பெட்டியிலிருந்து வருபவை, பொருத்துகிறவர் இரண்டையும் பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் இழுத்துக்கொண்டு வருவார். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் குனிந்து, போனில் டார்ச் போட்டு ஃப்யூஸ் பாக்ஸ் பக்கம் பாருங்கள். அடுத்தது ஸ்டியரிங் தண்டின் அடிப்பக்கம். அங்கேயும் இல்லையென்றால் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், ஹேண்ட்பிரேக் பக்கம். சில பேர் துளை போட்டுப் பொருத்தாமல் ஒயர்க் கட்டோடு சேர்த்து டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். டேப்புக்குள் ஏதாவது கட்டியாகத் தட்டுப்பட்டால் அதை அமுக்கிப் பாருங்கள்.

கிடைத்ததும் செய்ய வேண்டியது: கதவைத் திறங்கள், கத்தினால் கத்தட்டும். இக்னிஷனை ‘ஆன்’ வரைக்கும் திருப்புங்கள், ஸ்டார்ட் பண்ண வேண்டாம். திருப்பின சில நொடிக்குள் பட்டனை ஒரு தடவை அமுக்கி விடுங்கள். அடங்கவில்லை என்றால் இக்னிஷனை அணைத்து, மறுபடி ஆன் செய்து, இந்தத் தடவை பட்டனை அமுக்கியபடியே கொஞ்ச நேரம் பிடித்திருங்கள். யூனிட்டுக்கு யூனிட் இது மாறும். சில உயர்ந்த மாடலில் ரகசிய எண் போட்டிருப்பார்கள், அந்த எண்ணுக்கு ஏற்ற தடவை பட்டனை அமுக்க வேண்டும். 2009-ல் ஆல்டோவுக்குப் போட்டது சாதாரண வகையாகத்தான் இருக்கும்.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வெள்ளை ஐ10 (சேலம்)

கம்பெனி அலாரம் உள்ள வண்டிக்காரர்களும் இந்தப் பக்கம் வருவார்கள் என்பதால் சொல்கிறேன். ஹூண்டாய் வண்டிகளின் கையேட்டிலேயே இது இருக்கிறது. ரிமோட் இல்லாமல் சாவியால் கதவைத் திறந்து அலாரம் அடித்தால், சாவியைப் போட்டு இக்னிஷனை ஆன் நிலையில் 30 நொடி வைத்திருக்க வேண்டும். தானாக அடங்கிவிடும். அலாரம் அடிக்கும் நேரத்தில் ஸ்டார்ட்டரும் வேலை செய்யாது, அதனால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் போட்டுப் பார்த்துப் பயன் இல்லை. பொறுமையாக அரை நிமிடம் உட்கார்ந்தாலே போதும்.

இக்னிஷனில் போட்டது சரியான சாவிதானா என்று வண்டி சாவிக்குள் இருக்கும் சிப்பை வைத்துத் தெரிந்துகொள்கிறது. அந்த சிப்புக்கு பேட்டரி தேவையில்லை. ரிமோட் செத்திருந்தாலும் சாவி சாவிதான்.

பாளையங்கோட்டைப் பெண்

கிடைத்துவிட்டது! ஃப்யூஸ் பாக்ஸுக்கு மேலே ஒயர்க் கட்டோடு கறுப்பு டேப் சுற்றி ஒட்டியிருந்தது. அண்ணாச்சி சொன்னதுபோல விரலில் கட்டியாகத் தட்டுப்பட்டது. டேப் பிசின் உருகி அப்படியே விரலில் ஒட்டிக்கொண்டது. இக்னிஷன் போட்டு அமுக்கினேன், ஒரே அமுக்கில் நின்றுவிட்டது. வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அம்மாவை ஏசி போட்டு உட்கார வைத்திருக்கிறேன். அப்பா எல்லோருக்கும் நன்றி சொல்லச் சொன்னார்.

ஒரு சந்தேகம். வழியில் சாப்பிட நிறுத்தினால் மறுபடி கத்துமா? சிவப்பு விளக்கு இப்போது மின்னவில்லை, அணைந்திருக்கிறது.

ஒயரிங் அண்ணாச்சி

நல்லது தங்கச்சி. சில யூனிட் இக்னிஷனை அணைத்துக் கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி காவலுக்குப் போய்விடும். அப்படி இருந்தால் எல்இடி மறுபடி மின்ன ஆரம்பிக்கும். சாப்பிடப் போகும் முன் ஒரு நிமிடம் வெளியில் நின்று பாருங்கள். மின்னினால் திரும்பி வந்து அதே மாதிரி பட்டனை அமுக்கிக்கொள்ளலாம், பயம் இல்லை. வாலே நிலைக்குப் போட்டுவிட்டால் எல்இடி மின்னாமல் நிலையாக எரியும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது பட்டனை நீளமாகப் பிடித்தால் பலவற்றில் அந்த நிலைக்குப் போகும். அப்போது அலாரம் தூங்கிவிடும், வண்டி வெறும் சாவி வண்டி. வீடு வரைக்கும் அப்படியே போங்கள்.

இப்போது வெட்ட வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம். தம்பி நெடுந்தூரம் கோபித்துக்கொள்ள வேண்டாம், தொழிலில் பார்த்ததைச் சொல்கிறேன்.

சைரன் ஒயரை வெட்டினால் சத்தம் நிற்கும், வண்டி கிளம்பாது. வண்டியை நிறுத்தி வைத்திருப்பது சைரன் இல்லை, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ரிலே என்கிற மின் சுவிட்ச். அலாரம் பெட்டி காவல் நிலையில் இருக்கும் வரை அந்த ரிலே ஸ்டார்ட்டருக்கோ இக்னிஷனுக்கோ போகும் வழியை அடைத்திருக்கும். சத்தம் இல்லாமல், வண்டியும் ஓடாமல் நிற்பீர்கள், வேறு பலன் இல்லை.

அடுத்தது பேட்டரி. பல யூனிட்டுக்கு ஞாபகம் உண்டு. காவல் நிலையில் கரண்ட் போனால், திரும்ப வரும்போது அதே காவல் நிலையிலேயே எழுந்திருக்கும். டெர்மினலை மாட்டின கையோடு மறுபடி கத்தும். அதைவிட மோசம், சைரனுக்கு உள்ளேயே தனி பேட்டரி வைத்த வகை. மெயின் பேட்டரியைக் கழற்றினால் ‘என் ஒயரை யாரோ பிடுங்குகிறார்கள்’ என்று அது தன் சொந்த பேட்டரியில் கத்த ஆரம்பிக்கும். அந்தச் சைரனின் பக்கவாட்டில் உருண்டைச் சாவி போடும் துளை இருக்கும். அந்தச் சாவி வீட்டில் எந்த டப்பாவில் கிடக்கிறதோ! வண்டியோடு வந்த சின்னச் சாவி எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கழற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள், பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பானர் போதும். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் பாடியில் இடித்தால் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

நெடுந்தூரம்

கோபம் எல்லாம் இல்லை அண்ணாச்சி. நாங்கள் ஓட்டிய வண்டியில் ரிலே கிலே எல்லாம் கிடையாது, வெறும் சைரன் மட்டும்தான், அதை வைத்துச் சொன்னேன். ரிலே போட்ட வண்டிக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அந்த ரிலேயையும் நேராக்கிவிட்டால் வண்டி கிளம்பும் இல்லையா? அதையும் எழுதிவிடுங்கள், நடு ரோட்டில் நிற்பவனுக்கு உதவும்.

ஒயரிங் அண்ணாச்சி

கிளம்பும். ஆனால் எந்த ஒயரை எதோடு சேர்க்க வேண்டும் என்று இங்கே எழுத மாட்டேன். ஒன்று, ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி பொருத்தியிருப்பார்கள், தப்பான ஒயரைச் சேர்த்தால் புகைந்துவிடும். இன்னொன்று, அது சாவி இல்லாதவனுக்கும் உதவும் விஷயம். என் கடைக்கு வண்டி வந்தாலே ஆர்சி புத்தகத்தையும் ஓட்டி வந்தவர் அடையாள அட்டையையும் பார்க்காமல் அந்த வேலையைத் தொட மாட்டேன். பக்கத்தில் உள்ள நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அவருக்கு அது சின்ன வேலை.

மன்னார்புரம் (திருச்சி)

மன்னிக்கவும், நான் கொஞ்சம் கவலையோடு கேட்கிறேன். ரிலே விஷயத்தில் இவ்வளவு யோசிக்கிற நீங்கள், பட்டன் எங்கே இருக்கும், எப்படி அமுக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதலாமா? திருடனுக்கும் இதே தமிழ் படிக்கத் தெரியும்.

கோவை சர்க்யூட் (எலெக்ட்ரானிக்ஸ் வேலை)

நியாயமான கேள்வி. பட்டன் வேலை செய்ய இக்னிஷன் ஆனில் இருக்க வேண்டும், அதற்கு வண்டிச் சாவி வேண்டும். சாவி இல்லாதவன் கையில் பட்டன் இருந்தும் பயன் இல்லை. சாவி உள்ள உரிமையாளருக்கோ அது தெரியாவிட்டால் இன்று திருச்செந்தூரில் நடந்ததுதான் நடக்கும். அலாரத்தோடு வரும் புத்தகத்தில் அச்சடித்துக் கொடுப்பதைத்தான் அண்ணாச்சி இங்கே எழுதியிருக்கிறார். அவர் கோடு போட்ட இடம் சரியான இடம் என்று நினைக்கிறேன்.

ரிமோட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சகோதரி அடுத்ததாகக் கடைக்குப் போனால் ‘காப்பி ரிமோட்’ என்று ஒன்றை நீட்டுவார்கள். இரண்டு ரிமோட்டையும் எதிரெதிரே வைத்து அமுக்கினால் காப்பி ஆகிவிடும் என்பார்கள். வாங்க வேண்டாம். காப்பி எடுக்க மூல ரிமோட் வேண்டும், உங்களிடம் அது இல்லை. இருந்தாலும், மாறாத ஒரே கோடை (code, ரகசியக் குறியீடு) அனுப்பும் ரிமோட்டைத்தான் அப்படிக் காப்பி எடுக்க முடியும், கேட் ரிமோட் போல. கார் ரிமோட்களில் பெரும்பாலானவை ஒவ்வொரு அமுக்கலுக்கும் கோடை மாற்றி அனுப்புபவை. ரோலிங் கோடு என்பார்கள். நேற்று அனுப்பிய கோடை இன்று அனுப்பினால் பெட்டி ஏற்காது.

இந்த வகையில் கடைகளில் போடும் அலாரங்களில் நெடுங்காலம் பரவலாக இருந்தது கீலாக். 1980-களில் தென் ஆப்பிரிக்காவில் உருவானது, 1995-ல் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது. ரிமோட்டுக்குள் எட்டுக் கால் வைத்த ஒரு சின்ன சிப், பெட்டிக்குள் அதே ரகசியத்தை அறிந்த இன்னொன்று. இரண்டும் ஒரே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு சேர்ந்தே நகரும். குழந்தை கையில் ரிமோட்டைக் கொடுத்து வீட்டுக்குள்ளேயே அமுக்கி விளையாட விட்டால் ரிமோட்டின் எண்ணிக்கை முன்னே போய்விடும். பெட்டி ஓரளவு வரை பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் முதல் அமுக்கலை ஏற்காமல், அடுத்தடுத்து இரண்டு தடவை அமுக்கினால் சேர்த்துக்கொள்ளும். ‘ரிமோட் சில சமயம் ஒரு அமுக்கலில் திறக்காது, இரண்டாவதில் திறக்கும்’ என்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். ஜெர்மனியின் போஹும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் கீலாக்கை உடைத்தும் காட்டினார்கள், ஆனால் அது ஆய்வகக் கருவி வைத்துச் செய்த வேலை.

ஆகவே உங்களுக்கு இரண்டே வழி. அதே மாடல் யூனிட்டுக்கு உரிய புது ரிமோட் கிடைத்தால், இக்னிஷனும் அந்தப் பட்டனும் வைத்துப் பெட்டிக்குப் புது ரிமோட்டைக் கற்றுக்கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் பெட்டியையே மாற்ற வேண்டும். 2009 யூனிட்டுக்கு ரிமோட் கிடைப்பது கஷ்டம்.

ஒயரிங் அண்ணாச்சி

கோவைத் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இது எல்லோருக்கும். ரிமோட் தொலைந்தால் புதுசு வாங்கிக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது, தொலைந்ததைப் பெட்டியின் ஞாபகத்திலிருந்து எடுக்க வேண்டும். கடலில் போனது திரும்பி வராது, சரி. மார்க்கெட்டிலோ கல்யாண மண்டபத்திலோ தொலைந்தால்? கண்டெடுத்தவன் தெருவில் நின்று பட்டனை அமுக்கினால் உங்கள் வண்டி ‘நான்தான்’ என்று விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடும்.

சில பெட்டியில் புதிதாகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாலே பழையது எல்லாம் அழியும். கையில் இருக்கும் எல்லா ரிமோட்டையும் ஒரே உட்காரலில் சேர்க்க வேண்டும். வேறு சிலவற்றில் நான்கு ரிமோட்டுக்கு இடம் இருக்கும், ஐந்தாவது வந்தால்தான் முதலாவது வெளியே போகும். கடைக்காரரிடம் ‘பழசு அழிந்துவிட்டதா’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வேளச்சேரி பிளாட்

எங்கள் குடியிருப்பில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். எனக்கு மறுபக்கத்துப் பிரச்சினை. ஒரு வீட்டுக்காரர் வெளிநாடு போய்விட்டார், வண்டி கீழே நிற்கிறது. இடி இடித்தால், தண்ணீர் லாரி பின்னால் வந்தால், பக்கத்து வண்டியின் கதவைச் சாத்தினால் என்று எதற்கெடுத்தாலும் அலாரம். தீபாவளிக்கு விடிய விடிய. முதல் மாடியில் கைக்குழந்தை உள்ள வீடு. சாவி அவர் மாமனார் வீட்டில் தாம்பரத்தில் இருக்கிறது, ரிமோட் அவரோடு விமானம் ஏறிவிட்டது. நாங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

ஒயரிங் அண்ணாச்சி

ஐயா, அவரிடம் போனில் பேசி வாட்ஸ்அப்பில் எழுத்தாக ஒரு சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் யாரும் வண்டியைத் தொடக் கூடாது, எலக்ட்ரீஷியனும் தொட மாட்டார். மாமனாரைச் சாவியோடு வரச் சொல்லுங்கள். பட்டனைத் தேடி வாலே நிலைக்குப் போட்டுவிட்டால் சத்தம் தீர்ந்தது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் நெகட்டிவ் டெர்மினலையும் கழற்றி வைத்துவிடலாம், பேட்டரியும் தப்பிக்கும். ஒன்று கவனியுங்கள்: வாலே நிலைக்குப் போட்ட பிறகுதான் கழற்ற வேண்டும், முன்னால் இல்லை.

அவர் திரும்பி வந்ததும் ஷாக் சென்சாரைக் குறைக்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒட்டியிருக்கும் பெட்டி அது, அதில் ஒரு சின்னத் திருகு. நகை வேலைக்காரர் வைத்திருப்பது மாதிரிச் சின்ன ஸ்குரூ டிரைவரால் கொஞ்சமாகத் திருப்பி, வண்டியைக் கையால் தட்டிப் பார்த்து, மறுபடி திருப்பி வைக்க வேண்டும். டயரை எட்டி உதைத்தால் அடிக்க வேண்டும், பக்கத்தில் லாரி போனால் அடிக்கக் கூடாது. பொருத்துகிறவர்கள் இதைச் செய்ய நேரம் ஒதுக்குவதில்லை. எல்லோர் தூக்கமும் கெடுவது அந்த ஒரு திருகால்.

மன்னார்புரம்

செயலாளர் ஐயாவுக்கு: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அலாரச் சைரன்களோ 110, 120 டெசிபல் என்று அட்டையில் பெருமையாகப் போட்டு விற்கிறார்கள். உரிமையாளர் ஒத்துழைக்காவிட்டால் இரவிலேயே காவல் துறையைக் கூப்பிடலாம். ஆனால் அண்ணாச்சி சொன்ன மாதிரி பேசி முடிப்பதுதான் ஒரே குடியிருப்பில் வாழ்கிறவர்களுக்கு நல்லது.

யாழ் விட்ஸ்

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இங்க கனபேரிட்ட ஜப்பானில இருந்து வந்த பாவிச்ச வாகனங்கள்தான். பட்டன் ஸ்டார்ட், ஸ்மார்ட் திறப்பு (நீங்கள் சாவி எண்டு சொல்லுறது). பல வாகனம் ஒரேயொரு திறப்போடதான் வரும். அதனால துலைச்சால் பெரிய கரைச்சல்.

ஆனா திறப்பு துலையேல்லை, அதின்ர பேட்டரிதான் செத்துப்போச்சு எண்டால் பயப்பிடத் தேவையில்லை. டொயோட்டாவில திறப்புக்குள்ளயே ஒரு சின்ன உலோகத் திறப்பு ஒளிஞ்சிருக்கும், பக்கத்தில இருக்கிற பூட்டைத் தள்ளினால் வெளிய வரும். அதால கதவைத் திறக்கலாம். அலாரம் அடிச்சால் அடிக்கட்டும். பிரேக்கை மிதிச்சபடி, திறப்பில டொயோட்டா சின்னம் இருக்கிற பக்கத்தை ஸ்டார்ட் பட்டனில முட்ட வையுங்கோ. வாகனம் திறப்பை அடையாளம் கண்டுகொள்ளும், ஸ்டார்ட் எடுத்தால் அலாரமும் நிண்டிடும். என்ர தங்கச்சி ஆஸ்பத்திரி வாசலில நிண்டு அழுதவள், போனில இதைச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்.

ஒரு திறப்போட இருக்கிற ஆக்கள் தயவுசெய்து இரண்டாவதைச் செய்து வையுங்கோ. ஒண்டு கையில இருக்கேக்க இன்னொண்டு செய்யிறது லேசு. ஒண்டுமே இல்லாமல் போனால் முழுக்கப் புதுசாப் பதிய வேணும்.

க்ளெய்ம் மேசை (மோட்டார் இன்சூரன்ஸில் வேலை)

சாவி தொலைந்த சகோதரிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காவல் நிலையத்தில் சாவி தொலைந்ததாக எழுதிக்கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சீட்டு) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடலில் போன சாவிக்கு எதற்குப் புகார் என்று தோன்றும். நாளைக்கு வண்டி திருடு போய் க்ளெய்ம் போட்டால் கம்பெனி முதலில் கேட்பது இரண்டு சாவியையும்தான். ஒன்று மட்டும் கொடுத்தால், இன்னொன்று எங்கே, வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனீர்களா என்ற கேள்வி வரும். அந்த ரசீது இல்லாமல் அலைக்கழிந்த குடும்பங்களை மேசைக்கு எதிரே உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன். நாள் தள்ளாமல் செய்யுங்கள்.

புது வண்டிக்காரர்கள் பாலிசி எடுக்கும்போது சாவி மாற்றத்துக்கான கூடுதல் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்மார்ட் சாவி உள்ள வண்டிக்கு அது வேண்டும். ஆல்டோ போன்ற பழைய வண்டிக்கு அவசியம் இல்லை.

பாளையங்கோட்டைப் பெண்

எல்லோருக்கும் மீண்டும் வணக்கம். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து ரசீது வாங்கியாகிவிட்டது, க்ளெய்ம் மேசை சாருக்கு நன்றி. எங்களுக்கு அது தோன்றியே இருக்காது.

பாளையங்கோட்டையில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டினோம். பழைய யூனிட்டுக்கு ரிமோட் கிடைக்காது என்று அவரும் சொல்லிவிட்டார். புது செட் போடலாமா, இல்லை அலாரத்தையே எடுத்துவிட்டு வெறும் சென்ட்ரல் லாக் மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று வீட்டில் பேச்சு. அப்பாவுக்கு அலாரம் வேண்டும், அம்மாவுக்கு அந்தச் சத்தத்தை இனிமேல் கேட்கவே வேண்டாம். உங்கள் அபிப்பிராயம் என்ன?

நெடுந்தூரம்

எடுத்துவிடுங்கள் சகோதரி. அலாரம் அடித்தால் யார் ஓடி வருகிறார்கள்? ஊரில் எந்த வண்டி கத்தினாலும் ‘எவனோ ரிமோட்டை அமுக்கிவிட்டான்’ என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். கியர் லாக் போடுங்கள், இரும்பு, சத்தம் கிடையாது, பேட்டரி கிடையாது. என் வண்டிக்கு அதுதான்.

ஒயரிங் அண்ணாச்சி

யாரும் ஓடி வருவதில்லை என்பது உண்மைதான். கியர் லாக் நல்லது, நானும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதுதான். ஆனால் வண்டியைக் காப்பாற்றுவது சத்தம் மட்டும் இல்லை, ரிலே. கண்ணாடியை உடைத்து உள்ளே வந்தவன் ஒயரைச் சேர்த்து ஸ்டார்ட் பண்ணப் பார்ப்பான். ரிலே பூட்டியிருந்தால் அது நடக்காது, அவனுக்கு நேரம் போகும். பழைய ஆல்டோ மாதிரி வண்டிகளை உதிரி பாகத்துக்காகவே தூக்குகிறார்கள், இந்த வண்டியை யார் எடுப்பான் என்று நினைக்க வேண்டாம்.

இப்படிச் செய்யுங்கள். சாதாரண செட் ஒன்றைப் போடுங்கள், ஷாக் சென்சாரை அடியோடு குறைத்து வையுங்கள், கதவு திறந்தால் மட்டும் அடிக்கட்டும். சைரனும் சின்னதாகக் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்கும் நிம்மதி, அப்பாவுக்கும் திருப்தி. பொருத்துகிறவரிடம் பழைய யூனிட்டின் ஒயரை முழுக்க எடுக்கச் சொல்லுங்கள். பாதியை விட்டு அதன் மேலேயே புதுசை முறுக்கி டேப் ஒட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது. வெட்டிய ஒயர்களை சோல்டர் வைத்துச் சேர்க்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக் கேட்டாலே ஒழுங்காகச் செய்வார்கள்.

பட்டனை எங்கே வைக்கலாம் என்று அவர் கேட்பதற்கு முன் நீங்களே இடத்தைச் சொல்லுங்கள். அப்பா குனியாமல் கை எட்டும் இடமாக இருக்கட்டும். அன்றைக்கே அவரையும், தம்பியையும், வண்டியை எடுக்கும் எல்லோரையும் ஒரு தடவை ரிமோட் இல்லாமல் அடக்கிப் பழக விடுங்கள்.

பாளையங்கோட்டைப் பெண்

அப்படியே செய்கிறோம் அண்ணாச்சி. செட் பார்த்து வைத்தாயிற்று, இரண்டு ரிமோட் வருகிறது. அம்மாவும் சென்சார் குறைப்பது என்றதும் சரி என்றுவிட்டார்.

கடைசியாக ஒன்று. பழுதான பழைய ரிமோட்டைத் தம்பி திறந்து பார்த்தான். உள்ளே பேனா மூடி மாதிரி நீளமான ஒரு சின்ன பேட்டரி இருந்தது, 27ஏ என்று போட்டிருக்கிறது. கடையில் 23ஏ தான் இருக்கிறது, இரண்டும் 12 வோல்ட், போடலாம் என்கிறார்கள். போடலாமா? வேலை செய்தால் புது செட் போடும் வரை உதவும்.

கோவை சர்க்யூட்

வோல்ட் ஒன்றுதான், அளவு வேறு. 23ஏ குறுக்களவு 10 மில்லிமீட்டர், 27ஏ 8 மில்லிமீட்டர். 27-க்கான இடத்தில் 23-ஐ அழுத்தினால் ரிமோட் மூடி மூடாது, ஸ்பிரிங் தகடும் வளைந்துவிடும். 27ஏ-யே கேட்டு வாங்குங்கள். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடைகளில் கிடைக்கும்.

போடும் முன் உள்ளே இருக்கும் இரண்டு தகட்டையும் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போடுங்கள். இத்தனை வருடமாக அது பழுது என்று ஒதுக்கி வைத்ததற்கு அந்தப் பச்சை மட்டுமே காரணமாக இருக்கலாம். எல்இடி எரிந்தும் வண்டி கேட்கவில்லை என்றால் வண்டி பக்கத்தில் நின்று அடுத்தடுத்து இரண்டு தடவை அமுக்கிப் பாருங்கள்.

பாளையங்கோட்டைப் பெண்

தகடு பச்சையாகத்தான் இருக்கிறது. தம்பி 27ஏ வாங்கப் போயிருக்கிறான். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் இங்கே எழுதுகிறேன், இதே யூனிட் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.